நாற்பத்து மூன்று ஹெல்மெட்டும் ஒரு தலையும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்றே ஒன்று பொய்யாக இருந்தாலும், சொன்னவன் வாயில் ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்துப் பூசி, ஏழு நாள் தண்ணீர் விட்டு இறுக விடலாம். மேலே நின்று கீழே பார்த்தவன் பொய் சொல்லமாட்டான் என்பார்கள். இந்தக் கதையைச் சொன்னவர்கள் கீழே நின்று மேலே பார்த்தவர்கள். அவர்களுக்குக் கழுத்து வலித்த வலியில் பொய் சொல்ல நேரமே இருக்கவில்லை.

இது நடந்த கட்டடத்தில் இரும்புக் குழாயால் சாரம் கட்டுகிறவனை ஓணான் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். குழாயைக் கண்டால் ஏறிவிடுவான். ஏறிவிட்டால் தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே இருப்பான். பதினெட்டு வருடம் ஏறியும் ஒரு நாள்கூடப் பயந்ததில்லை. அதைத் தைரியம் என்று சொல்லிவிட முடியாது. அவனுடைய பயத்தையும் வேறொருவன் பட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வேறொருவன் அவன் மனைவியின் தம்பி. வேலையிடத்தில் அவனுக்கு மூணுதரம் என்று பெயர். குழாயோடு குழாயைப் பிணைக்கும் எந்தக் கிளாம்பை முடுக்கினாலும் அதை மூன்று தரம் அசைத்துப் பார்ப்பான். ஒவ்வொரு தரத்துக்கும் சாக்பீஸால் கிளாம்பின் மேல் ஒரு கோடு போடுவான். மூன்று கோடு விழாத கிளாம்பில் ஓணானைக் கால் வைக்க விடமாட்டான். சாப்பிட உட்காரும்முன் நாற்காலியையும் மூன்று தரம் அசைப்பான். அதற்குள் குழம்பு தீர்ந்துபோன நாள்கள் உண்டு.

"ஏறுறது உங்க வேலை மாமா, பயப்படுறது என் வேலை," என்பான் ஓணானிடம். "ரெண்டையும் ஒரே ஆளு செஞ்சா ஒண்ணும் உருப்படாது."

அந்த மூணுதரம்தான் ஒரு நாள் பதினான்காம் மாடியின் கிழக்கு மூலையிலிருந்து விழுந்தான். பெல்ட்டின் கொக்கியைக் குழாயில் முறையாகத்தான் மாட்டியிருந்தான். அந்தக் குழாயே கழன்று அவனோடு வந்துவிட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் அந்த மூலையைப் படம் எடுத்து, யாரும் தொடக்கூடாது என்று நாடா கட்டிவிட்டு, ஓணானிடம் வந்தார்கள்.

"டீ குடிச்சிட்டு ஏறினான். விழுந்தான்," என்றான் ஓணான்.

வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள்.

"டீ ஆறிப்போயிருந்துச்சு," என்றான். அதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து ஓணானுக்கு உடம்பு மரத்துப்போனது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து எழுந்தால் கால் அடுத்தவன் காலாக இருக்குமே, அது அவனுக்கு உச்சந்தலைவரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அழவில்லை. பதினோராம் நாள் வேலைக்கு வந்தான். அன்று ஒரு ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியது. மாலையில் வீட்டு வாசலில் செருப்பு ஏன் கழல மறுக்கிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

அவன் மனைவி அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு புருஷனைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரு நாள் காலை டீயில் சர்க்கரைக்குப் பதில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கொடுத்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

மறுநாள் மிளகாய்த்தூள் போட்டாள். அதுவும் நல்லா இருந்தது. மூன்றாம் நாள் வெறும் டம்ளரைக் கையில் கொடுத்தாள். அதை வாயில் வைத்து நாலு மடக்கு விழுங்கி, மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் சூடு கம்மி," என்றான்.

அவள் டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். "ஏங்க, உள்ளே ஆளு இருக்கீங்களா?"

"இருக்கேன்னுதான் நெனைக்கிறேன்."

"என் தம்பி உங்களுக்கும் சேர்த்துப் பயந்தான். இனிமே யாரு பயப்படுறது? உங்களுக்குத் தானாப் பயம் வர்ற வரைக்கும் மேல ஏறாதீங்க. பயமத்தவன் ஒரு நாள் இல்லாத பலகையில காலை வைப்பான். தம்பியைக் குடுத்தாச்சு. இன்னொண்ணு குடுக்க என்கிட்ட இல்ல."

"சரி," என்றான் ஓணான். மழை வரும் என்றாலும் அதே குரலில்தான் சரி என்றிருப்பான். அன்று முதல் அவள் உப்பு டீயையே தினமும் கொடுத்தாள். அவனும் தினமும் நல்லா இருக்கு என்றான்.

ஹெல்மெட்டுகள் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

ஆள் விழுந்துவிட்டதால் தலைமை அலுவலகம் மூளையைக் கேட்கும் ஹெல்மெட்டுகளை அனுப்பியது. வேலையாட்கள் நாற்பத்து மூன்று பேர், ஹெல்மெட்டும் நாற்பத்து மூன்று. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அனுப்பவில்லை. அவர்கள் தலையில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். இறக்கிவிட்ட லாரி டிரைவர், மீதிச் சாமான் அடுத்த லாரியில் வரும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் சேஃப்டி மேடம் ஒரு ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே நெற்றிப்பட்டையில் சட்டைப் பொத்தான் அளவில் ஆறு வெள்ளிப் பொட்டுகள். மூளை போடும் சத்தத்தை அவை கேட்கும். ஆள் அமைதியாக வேலையில் இருந்தால் முன்னால் பச்சை விளக்கு எரியும். பயம், தூக்கம், கவலை, கவனம் சிதறல் எது வந்தாலும் சிவப்பு. சிவப்பு எரிகிறவனுக்கு லிஃப்டின் கம்பிக்கதவு திறக்காது.

"எனக்குப் பொண்டாட்டி ஞாபகம் வந்தா என்ன கலர் மேடம்?" என்றார் கொத்தனார்.

"எப்படி ஞாபகம் வருதுங்கறதைப் பொறுத்து," என்றாள் மேடம்.

"பயந்துதான் வரும்."

"அப்ப சிவப்பு."

ஹெல்மெட்டுக்குத் தலையைப் பழக்க வேண்டும். ஒவ்வொருவரும் தகர அறையில் கண்ணை மூடிப் பத்து நிமிடம் எதையும் நினைக்காமல் உட்கார வேண்டும். அதை அவரவர் அளவாக இயந்திரம் எழுதிக்கொள்ளும். பிறகு நொடிக்கு நொடி தானாகவே அந்த அளவைப் புதுப்பித்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டு மேடம் கான்கிரீட் லாரியைப் பார்க்கப் போனாள். அன்று தளம் போடும் நாள். ஏழு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. கான்கிரீட் யாருடைய தலைக்காகவும் காத்திருக்காது.

மேஸ்திரி யோசித்தார். அந்த வேலையிடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பாதுகாப்புப் பாடம் நடக்கும். பாடத்தைக் கேட்டதாக எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். யார் அன்று வெட்டியாக இருக்கிறார்களோ அவர்கள் நாற்பத்து மூன்று பேருக்கும் போட்டுவிடுவார்கள். கொத்தனார் வலது கையில் இருபத்திரண்டு, இடது கையில் இருபத்தொன்று கையெழுத்துப் போடுவார். கைக்குச் சரிப்பட்டது தலைக்குச் சரிப்படாதா?

அன்று வெட்டியாக இருந்தவன் ஓணான்.

"டேய் ஓணான், எதையும் நினைக்காம உக்காரணுமாம். இந்த ஊர்ல அதுக்கு உன்னை விட்டா ஆளு கிடையாது. எல்லாத்தையும் போட்டுக் கழட்டி வச்சிடு," என்றார் மேஸ்திரி.

ஓணான் சரி என்றான். ஒரு ஹெல்மெட்டைப் போட்டுப் பத்து நிமிடம், கழற்றி அடுத்ததைப் போட்டுப் பத்து நிமிடம் என்று மொத்தம் ஏழு மணி பத்து நிமிடம் உட்கார்ந்தான். எதையும் நினைக்கவில்லை. நடுவில் ஒரு புறா ஜன்னல் வழியாக உள்ளே வந்து பார்த்து, இது மரம்தான் என்று முடிவு செய்து, அவன் தோளில் தூங்கியது.

திங்கட்கிழமை காலை எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டினார்கள். நாற்பத்திரண்டு சிவப்பும் ஒரு பச்சையும் எரிந்தன.

கொத்தனார் சிரித்தார், சிவப்பு. ஏன் சிவப்பு என்று கோபப்பட்டார், மேலும் சிவப்பு. கிரேன்காரர் ஒரு பாட்டை முனகிக்கொண்டு வந்தார், சிவப்பு. வெல்டருக்கு மாமியார் வந்து ஒரு மாதம் ஆகிறது. அவர் விளக்கு கண்ணைக் கூசியது. மேஸ்திரி மூச்சை அடக்கிக்கொண்டு பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைச் சொன்னார். பன்னிரெட்டு தொண்ணூற்றாறுவரை ஏதோ போலிருந்தது. அதற்குமேல் மறந்துபோனதால் பதறிச் சிவந்தார். பின்னே, ஓணானுடைய மரத்துப்போன தலைதான் எல்லோருக்கும் அளவு. உயிரோடு இருக்கிறவன் தலை எதுவும் அந்த அளவுக்குள் அடங்கவில்லை.

லிஃப்டுக் கதவு ஓணானுக்கு மட்டும் திறந்தது. மனைவி சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. "ஏற வேண்டாம்னு வீட்ல சொல்லியிருக்காங்க," என்று மேடத்திடம் சொல்லவும் செய்தான்.

"பச்சை எரியுதேண்ணே. உங்களைவிடப் பாதுகாப்பான ஆளு இங்க யாருமில்ல," என்றாள் மேடம்.

ஓணான் சரி என்று ஏறினான்.

அதற்கடுத்த ஐந்து வாரத்தில் பதினான்காம் மாடிக்கு மேல் ஐந்து மாடியை அவன் ஒற்றை ஆளாகக் கட்டினான். நம்பாதவர்கள் போய் எண்ணிப் பார்க்கலாம். நாற்பத்திரண்டு பேரும் கீழே நிழலில் உட்கார்ந்து கத்திக் கத்தி வேலை சொல்லிக்கொடுத்தார்கள். "செங்கல்லைத் திருப்பி வைடா, அது உன் மாமனார் இல்ல, மரியாதையா வைக்கறதுக்கு!" என்று கொத்தனார் கூவுவார். ஓணான் திருப்பி வைப்பான். கம்பி கட்டினான், பூசினான், கிரேனையும் அவனே ஓட்டி, அது தூக்கி வந்த பாரத்தை அவனே ஓடிப்போய் வாங்கிக்கொண்டான். ஒரு நாள் மழை ஈரத்தில் வெல்டிங் வயர் காலில் பட்டு மின்சாரம் அவன் வழியாகப் பத்து நிமிடம் போய்வந்தது. பச்சை கண்சிமிட்டவில்லை. ஜன்னல் புறா ஹெல்மெட்டின்மேல் கூடு கட்டி இரண்டு முட்டை இட்டது. அவன் தலையை ஆட்டும் பழக்கத்தை விட்டான்.

தலைமை அலுவலகம் அவன் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டியது. கீழே, "இவரைப் போல் இருங்கள்."

மூன்றாம் வாரத்தில் ஒன்று நடந்தது. பதினேழாம் மாடியில் சாரத்தின் விளிம்பில் நடந்துகொண்டிருந்தவனின் இடது கால், பலகை இல்லாத இடத்தில் போய் நின்றது. நிற்க அங்கே ஒன்றும் இல்லை. கால் காற்றில் தொங்குவதை ஓணான் பார்த்தான். யாரோ செருப்புப் போட்ட காலை அங்கே மறந்துவைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. சற்றுநேரம் பார்த்துவிட்டு அதை எடுத்துப் பலகைமேல் வைத்துக்கொண்டான். பச்சை.

வீட்டில் இதைச் சொன்னான். அவள் கையில் இருந்த முறத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்ல."

"அதைத்தாங்க சொன்னேன்," என்றாள்.

இதற்குள் சேஃப்டி மேடம் கையிலிருந்த திரையை நோண்டி நோண்டி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். மேஸ்திரியைக் கூப்பிட்டாள். "நாப்பத்து மூணு பேருக்கும் எப்படிங்க ஒரே தலை?"

"ஒரே இடத்துல வேலை செய்யிறோம் மேடம். ஒத்துமை."

"ஒத்துமையா? எல்லா ஹெல்மெட்டும் ஓணான் அண்ணன் தலையைத்தான் அளவா வச்சிருக்கு. நொடிக்கு நொடி அவர் தலையைப் பார்த்துத்தான் புதுப்பிச்சுக்குது. அவர் எப்படி இருக்காரோ அதான் சரி, மத்ததெல்லாம் தப்பு. அவருக்குச் சிவப்பே எரியாது. அடிக்கோலை எதை வச்சு அளக்குறது?"

மேடம் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: ஒருவர் நூற்றுக்கு நூறு வாங்குவதால் இயந்திரத்தில் குறை இல்லை, மற்ற நாற்பத்திரண்டு பேருக்குப் பயிற்சி கொடுக்கவும். கூடவே இன்னொரு கடிதம். விசாரணை முடிந்தது, காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு, பதினான்காம் மாடிக் கிழக்கு மூலைச் சாரத்தைப் பிரிக்கலாம்.

பிரிக்க ஏறக்கூடியவன் ஒருவன்தான்.

காலையில் உப்பு டீயைக் கொடுத்துக்கொண்டே அவன் மனைவி கேட்டாள். "அந்த மூலையா?"

"ஆமா."

"நீங்க ஏறினா நான் தடுத்து நிக்கப் போறதில்ல. அவன் கட்டினதை அவிழ்க்குறதுக்கு முன்னால மட்டும் ஒவ்வொண்ணையும் மூணுதரம் பாத்துடுங்க. அவனுக்காக."

ஓணான் சரி என்றான். டீ நல்லா இருக்கு என்றான்.

கிழக்கு மூலையில் நாடாவை அறுத்துவிட்டுச் சாரத்தில் கால் வைத்தான். புறாவை முட்டையோடு முந்தின நாளே ஜன்னல் திட்டில் இறக்கிவைத்திருந்தான். முதல் கிளாம்பை மூன்று தரம் அசைத்தான், அசையவில்லை. மேலே மூன்று சாக்பீஸ் கோடுகள். இரண்டாவதிலும் மூன்று கோடு. மூன்று, மூன்று, மூன்று. மழையில் நனைந்தும் அழியாமல் எழுத்துப்பழகும் பிள்ளையின் சிலேட்டில்போல் அந்தக் கோடுகள் சாய்ந்து சாய்ந்து நின்றன. இருபத்தேழாவது கிளாம்பு மூலையில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அதில் குழாய் இல்லை. விழுந்த குழாயை அதுதான் பிடித்திருந்திருக்க வேண்டும்.

அதன்மேல் இரண்டு கோடுகள் இருந்தன.

விசாரணைக்காரர்கள் எடுத்த படத்திலும் அந்த இரண்டு கோடுகள் இருந்திருக்கும். அவற்றுக்கு என்ன பொருள் என்று உலகத்தில் ஓணான் ஒருவனுக்குத்தான் தெரியும். ஓணான் விரலை நட்டின்மேல் வைத்தான். ஸ்பேனர் இல்லாமலே அது சுற்றியது.

மூணுதரம் விழுந்த அன்று கீழே நின்று தான் கத்தியது இப்போது ஓணான் காதில் விழுந்தது. "ரெண்டுதரம் பாத்தது போதும் மாப்ளே, இறங்கி வாடா, டீ ஆறுது!" மேலிருந்து பதிலும் வந்தது. "இன்னும் ஒரு தரம் மாமா!" "வாடாங்கறேன்!" மூணுதரம் வந்தான். குடித்தான். திரும்ப ஏறி, மூன்றாம் கோட்டை மறந்து அந்தக் குழாயில் கொக்கியை மாட்டினான்.

ஓணான் கீழே பார்த்தான்.

பதினான்கு மாடி. பதினெட்டு வருடமாக அங்கேதான் இருந்தது, அவன்தான் பார்த்ததில்லை. மணல் குவியல் ஒரு பிடி சர்க்கரை அளவு தெரிந்தது. முதலில் பல் ஆடியது, பிறகு சாரம் மொத்தமும். நிற்கும் குழாயை இரண்டு கையாலும் இரண்டு காலாலும் கட்டிக்கொண்டு, "ஐயோ," என்றான். பெரிய சத்தம் இல்லை. ஆனால் அவன் வாயிலிருந்து இரண்டு மாதமாகச் 'சரி'யும் 'நல்லா இருக்கு'ம் தவிர எதுவும் வந்ததில்லை. அதனால் கீழே எல்லோருக்கும் கேட்டது.

"யம்மா, ஓணான் தொங்குறான்!" என்றார் கிரேன்காரர்.

எல்லோர் கண்ணிலும் முந்தி விழுந்தவன் விழுந்துகொண்டிருந்தான். மேலே ஒருவன் நடுங்க, கீழே நாற்பத்திரண்டு பேர் அச்சு அசல் அதே நடுக்கம் நடுங்கினார்கள். அளவு ஒத்துப்போனது. ஐந்து வாரமாகச் சிவந்து கிடந்த ஹெல்மெட்டுகள் ஒரே நொடியில் பச்சையாயின.

"எரியுதுடா! ஏறுங்கடா!" என்றார் மேஸ்திரி. லிஃப்டுக் கதவு எல்லோருக்கும் திறந்தது.

மேலே போய்ப் பார்த்தால் ஓணான் குழாயோடு குழாயாக இருந்தான். கொத்தனார் பெல்ட்டை மாட்டிக்கொண்டு தவழ்ந்து போய் அவன் விரல்களைப் பிரித்தார். "மூணு விரலை எடுத்தா நாலு விரல் ஒட்டுது மேஸ்திரி! இவன் ஓணான் இல்ல, பல்லி!"

"கொத்தனாரே," என்றான் ஓணான், பல் தந்தியடிக்க. "டீ ஆறுதுன்னு நான்தான் கூப்பிட்டேன்."

கொத்தனார் அவன் தோளில் கைபோட்டார். "சரி, எறங்கு. கையைக் குடு," என்றார்.

நாற்பத்திரண்டு பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து வரிசையாக நின்று அவனைப் படிப்படியாகக் கைமாற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். அவன் காலில் ஆயிரம் ஊசி குத்தியது. ஆணி ஏறிய பாதம் இரண்டு மாதம் கழித்து அன்றுதான் வலித்தது. கீழே மேடம் கையில் இருந்த திரையில் ஒரு வாழ்த்து வந்திருந்தது: நாற்பத்து மூன்றும் பச்சை; தொடங்கிய நாள்முதல் மிகப் பாதுகாப்பான நாள் இது. அவள் அதை யாருக்கும் படித்துக் காட்டாமல் அணைத்துவிட்டாள்.

அன்று பகலிலேயே அவனை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் உள்ளே போய் டீ போட்டு, இரண்டு கரண்டி உப்பைக் கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு மடக்கு. டம்ளரை எட்டப் பிடித்தான்.

"எப்படி இருக்கு?"

"உப்பு."

"எப்படி இருக்கு?"

"உப்பா இருக்குடி. கடல் தண்ணி மாதிரி."

அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "எப்படிங்க இருக்கு?" என்றாள் மூன்றாம் தரம்.

மூன்றாம் தரம் அவனால் சொல்ல முடியவில்லை. டம்ளரின்மேல் குனிந்து அழத் தொடங்கினான். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

லாரி டிரைவர் சொன்ன அந்த அடுத்த லாரி, கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்து நாலு மாதம் கழித்து வந்தது. அதில் இருந்தவை ஹெல்மெட்டுகளுக்கு முதல் நாளே போட்டிருக்க வேண்டிய பேட்டரிகள், நாற்பத்து மூன்று.